சிவப்பு லைட் எரியுது... ஓட்டலாமா, கூடாதா?

வாசகர் கேள்விகளில் இந்த முறை பிரேக் விளக்கைப் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

திருநகர் வாசகி: பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பினேன். மீட்டரில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட் அணையவே இல்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். தெரிந்த மெக்கானிக் கடை 6 கிலோமீட்டர் தள்ளி. ஓட்டிக்கொண்டே போய்விடலாமா?

ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் லைட் சொல்லும். ஓட்டலாமா என்பதைப் பெடல்தான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

முதலில் ஹேண்ட் பிரேக். ஒரு தடவை முழுக்க இழுத்து, பட்டனை அழுத்தி, அடிவரை இறக்குங்கள். லீவருக்கும் சீட்டுக்கும் நடுவே தண்ணீர் பாட்டிலோ பிள்ளையின் பென்சில் டப்பாவோ மாட்டிக்கொண்டிருந்தால்கூட கடைசி அரை அங்குலம் இறங்காது, லைட்டும் அணையாது.

அணையவில்லையா? பானெட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம், முன்கண்ணாடியை ஒட்டி, டம்ளர் அளவில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். பிரேக் ஆயில் டப்பா அதுதான். பக்கவாட்டில் 'மேக்ஸ்', 'மின்' என்று இரண்டு கோடு. வெளியே அழுக்கேறி மட்டம் தெரியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்து, பின்னால் இருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தால் தூசிதான் விழும்.

பிறகு சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பிரேக்கை நான்கைந்து முறை நன்றாக மிதியுங்கள். பெடல் கல் மாதிரி ஆகும். அப்படியே அழுத்திப் பிடித்து மனதுக்குள் 30 எண்ணுங்கள். கால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக ஒரு இறக்கம் இறங்கி நிற்கும். நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்வதால் வரும் இறக்கம் அது, சரியான அறிகுறி.

ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்து, பெடலும் இறங்காமல் நின்றால், பிள்ளையை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் மெக்கானிக் வரை போகலாம். ஆயில் 'மின்' கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் பெடல் திடமாக இருக்கிறது என்றால், சரியான ஆயிலை அந்தக் கோடு தாண்டும் அளவுக்கு ஊற்றிவிட்டு அதே போல மெதுவாகப் போகலாம். டப்பாவில் ஆயிலே கண்ணில் படவில்லை, அல்லது மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் அடியை நோக்கி நழுவுகிறது, அல்லது பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள். அப்போது இன்னொரு காரில் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுத்தால், முன்னே போகிறவர் சிக்னலில் நிற்கும்போது உங்கள் வண்டியை எது நிறுத்தும்? தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

திருமங்கலம் வாசகர்: ஏழு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். வளைவில் திரும்பும்போதும் சட்டென்று பிரேக் அடிக்கும்போதும் சிவப்பு லைட் மின்னி மறைந்தது. மெக்கானிக் அண்ணன் பிரேக் ஆயில் ஊற்றினார், சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் மின்னுகிறது. "ஊத்திக்கிட்டே ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். சரிதானா?

சரியில்லை. அண்ணன் லைட்டை அணைத்தாரே தவிர, ஊற்றிய ஆயில் எங்கே போனது என்று பார்க்கவில்லை. பிரேக் ஆயில் எரிந்து தீருகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் இருக்கிறது. குறைந்தால் இரண்டே வழிதான்: பேடு (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்த இடத்தை நிரப்பப் போயிருக்கும், இல்லையென்றால் வெளியே கசிந்திருக்கும்.

லைட் ஏன் வளைவில் மட்டும் மின்னுகிறது? டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு, அதில் ஒரு சின்னக் காந்தம். மட்டம் இறங்கினால் காந்தம் கீழே உள்ள சுவிட்சை மூடிவிடும், லைட் எரியும். ஆயில் விளிம்பு மட்டத்தில் இருக்கும்போது திரும்பினாலோ பிரேக் அடித்தாலோ அது ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை ஒரு நொடி கீழே தொட்டு எழும்பும். எனவே மின்னல்தான் முதல் அறிவிப்பு. நிலையாக எரிவது அடுத்த கட்டம்.

இனி கணக்குக்கு வருவோம். பேடை அழுத்தும் கவ்விதான் காலிப்பர்; முன்சக்கரக் காலிப்பரின் பிஸ்டன் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பேடில் தேயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும், 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவது நல்லது. ஆக ஒரு பேடு 7 மி.மீ. தேய்கிறது. ஒரு சக்கரத்தில் இரண்டு பேடு, பிஸ்டன் 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். அந்த இடத்தை நிரப்ப ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 27 மில்லி, இரண்டுக்கும் சேர்த்து 55 மில்லி. இந்த 55 மில்லி பல்லாயிரம் கிலோமீட்டரில், பேடு தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டியது. அப்படிக் குறைந்தால் ஆயில் ஊற்றவே தேவையில்லை. பேடை மாற்ற வேண்டும். மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் அத்தனை ஆயிலும் டப்பாவுக்கே திரும்பி வரும். நடுவில் 'மேக்ஸ்' வரை ஊற்றி வைத்திருந்தால் பொங்கி வழிந்து பெயின்டை உரித்துவிடும்.

உங்கள் வண்டியில் மூன்று வாரத்தில் மட்டம் இறங்கியிருக்கிறது. எந்தப் பேடும் மூன்று வாரத்தில் அவ்வளவு தேயாது. கசிவுதான். தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறோம், மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அதிகம் அகப்படும் இடம் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர். அதன் ரப்பர் கப்பு இறுகி, ஓரமாக ஆயிலை விட ஆரம்பிக்கும். வெளியே எதுவும் தெரியாது. முற்றிய பிறகுதான் டயரின் உள்பக்கச் சுவரில் கோடு கோடாக ஈரம் வரும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் திருடன் அகப்பட்டான். டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங் நனைந்திருந்தால் துடைத்துப் போடக் கூடாது. ஊறிப் போன லைனிங் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் வழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு போட வேண்டும்.

அடுத்து, முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, வளையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி உள்ள ரப்பர். பிறகு வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய், முக்கியமாக கிளாம்பு பிடித்திருக்கும் இடங்கள். அங்கே சேறு தங்கித் துருப்பிடிக்கும்.

இவை எல்லாம் உலர்ந்திருந்து, தரையிலும் சொட்டு இல்லாமல், ஆயில் மட்டும் குறைகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் (ஆயில் டப்பாவுக்கு அடியில், பெடல் மிதியை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) பின்பக்க சீல் விட்டு பூஸ்டருக்குள் இறங்கியிருக்கும். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னே இழுத்தால் பின்னால் ஈரம் தெரியும். பல மெக்கானிக்குகள் விட்டுவிடும் இடம் இது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வண்டியில் கிளட்சும் ஹைட்ராலிக் என்றால், பெரும்பாலும் அதே டப்பாவில் இருந்துதான் ஆயில் எடுத்துக்கொள்ளும். பிரேக்கில் தப்பே இல்லாமல் கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் பிரேக் லைட் எரியும். கிளட்ச் பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கேபிள் கிளட்ச் வண்டிக்கு இந்தச் சந்தேகம் வேண்டாம்.

தரையில் சொட்டு கிடந்தால் அது எந்தச் சொட்டு? ராத்திரி அட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். காலையில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். ஏசி தண்ணீர் கையில் பிசுக்கே இல்லாமல் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

'மேக்ஸ்' வரை ஆயில் இருந்தும் லைட் எரிந்தால் மட்டும் மிதவையைச் சந்தேகப்படலாம். டப்பாவில் செருகியிருக்கும் வயர் கனெக்டரைப் பிடுங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில், பிடுங்கியதும் லைட் அணைந்தால் மிதவை சுவிட்ச்தான் கெட்டது. சோதித்து முடித்ததும் திரும்பச் செருகிவிடுங்கள். அப்படியே பிடுங்கி விட்டுவிட்டு "ரிப்பேர் ஆச்சு" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேலூர் வாசகர்: ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கியும் லைட் எரிகிறது. ஆயில் சரியாக இருக்கிறது. லீவரைக் கையால் கீழே அழுத்தினால் அணைகிறது.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. லீவரின் அடியில் உள்ள சின்ன சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கிறது, அல்லது தூசியும் காபியும் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சுவிட்சைத் தாங்கும் தகட்டை நிமிர்த்தினால் போதும். அதோடு சக்கரம் சூடாகிறதா என்றும் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பின்சக்கர ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் காட்டுங்கள், தொடாமல். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் கேபிள் உறைக்குள் இறுகி, லைனிங்கைத் தாங்கும் பிரேக் ஷூ முழுக்க விடவில்லை என்று அர்த்தம்.

வாடிப்பட்டி வாசகர்: குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு வத்தலக்குண்டு பக்கம் இறங்கினோம். பாதியில் சிவப்பு லைட் வந்தது, கொஞ்ச நேரத்தில் பெடல் அடிவரை போனது. எப்படியோ நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடித்தது! என்ன நடந்தது? அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?

நடந்தவை இரண்டு. லைட் வந்ததற்கு ஒரு காரணம், பெடல் போனதற்கு இன்னொன்று.

இறக்கத்தில் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போகும்; டப்பாவில் ஆயில் முன்பக்கம் ஒதுங்கும். மட்டம் ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் சமவெளியில் எரியாத லைட் மலையில் எரியும். உங்கள் பேடுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெடல் போனது ஆயில் கொதித்ததால். 1,200 கிலோ வண்டி ஒன்று 1,700 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல், 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு அவ்வளவு உயரம்தான் இறங்குகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். டாப் கியரில் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் அத்தனையும் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான் போகும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சீல் பிரிக்காத டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த அளவு முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதி எல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்தது. ஆறியதும் குமிழி திரும்ப ஆயிலானது, பிரேக் வந்தது. வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆயில் முழுக்க மாற்றப்பட வேண்டும், பேடும் லைனிங்கும் பார்க்கப்பட வேண்டும்.

இதே போல இன்னொரு கோளாறும் உண்டு. பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது, கருகல் வாடை வரும். அது பேடின் முகம் சூட்டில் வழுக்குவது. ஓரங்கட்டி ஆறவிட்டால் அது தெளியும். ஆனால் அதுவரை அதுவும் ஆபத்துதான்.

பெடல் அடிக்குப் போன நொடியில் செய்ய வேண்டியது: பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், மூன்றாவது நான்காவது மிதியில் கொஞ்சம் பிடி கிடைக்கும். அதே நேரம் ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். நான்கில் இருந்து நேராக ஒன்றுக்குத் தாவினால் சக்கரம் பூட்டி வழுக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் லீவரில் 'எல்' அல்லது '2', இல்லையென்றால் மேனுவல் பக்கம் தள்ளிக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பட்டன் அழுத்தியிருந்தால்தான் சக்கரம் பூட்டும்போது உடனே விட முடியும். ஹாரன், நான்கு இண்டிகேட்டர். பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மலைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி உரசி நிறுத்துவது மேல்; கதவு போனால் டின்கர் வேலையோடு முடியும்.

இன்ஜினை மட்டும் அணைக்கவே கூடாது. அணைத்தால் இன்ஜின் பிடிப்பும் போகும், பவர் ஸ்டியரிங் இறுகும், பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவி இருக்காது. சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

நின்ற பிறகு, இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் பெரிய கல்லாக அண்டக் கொடுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. டிரம் ஆறிச் சுருங்கும்போது பிடி மாறும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யலாம். முக்கால் மணி நேரம் தானாக ஆறட்டும்.

ஏறும்போது எந்தக் கியர் கேட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்கள் வழக்கம். கொடைக்கானலுக்கு மட்டுமல்ல, போடிமெட்டு, மேகமலை, சிறுமலைக்கும் அதுவே போதும். பிரேக்கை அழுத்தமாக மூன்று நான்கு நொடி மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டு, காற்றாட விடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பதுதான் கொதிக்கவைக்கும் வேலை.

மதுரை அனுப்பானடி வாசகர்: மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினேன். மறுநாள் மஞ்சள் நிற ஏபிஎஸ் லைட்டும் சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிகின்றன. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

மெதுவாகப் போகும்போது நன்றாகத்தான் பிடிக்கும். ஏபிஎஸ் லைட் மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் இருக்கிறது, அவசரத்தில் சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி இல்லை என்று பொருள். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் இபிடியும் போயிருக்கலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கு பிரிப்பது அது. அது இல்லாமல் வேகத்தில் அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டி, வண்டி வால் வீசும். ஆளில்லாத பின்சீட்டும் ஈரச் சாலையும் சேர்ந்தால் இன்னும் மோசம். ரிங் ரோட்டில் 80-ல் போகிற எண்ணத்தை வேலை முடியும்வரை தள்ளிவையுங்கள். ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள், இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வரக் கூடாது என்று சட்டம் இல்லை.

ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்கியதால் கனெக்டரில் ஈரம் புகுந்திருக்கலாம், சென்சார் முனையில் சேறும் இரும்புத் தூளும் அப்பியிருக்கலாம். ஸ்கேனர் போட்டால் எந்தச் சக்கரம் என்று பிழைக் குறியீடு காட்டும். குறியீட்டை அழித்து மட்டும் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். இருபது மீட்டர் போனதும் திரும்ப எரியும். சென்சாரைத் துடைத்து, கனெக்டரைக் காயவைத்து, வயரை சக்கரம் வரை தடவிப் பார்க்க வேண்டும். வயல் ஓரம், தென்னந்தோப்பு ஓரம் நிறுத்துகிற வண்டிகளில் எலி கடித்த வயர்தான் பல முறை அகப்படும். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு மீண்டும் எரியும். ஈயம் வைத்து, உறை போட்டு மூட வேண்டும். சமீபத்தில் வீல் பேரிங் மாற்றியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது.

2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இது இனிப் பெரிய வண்டிக்காரர்கள் கேள்வி மட்டுமல்ல.

தண்ணீரில் இருந்து ஏறியதும் அடுத்த முறை ஒன்று செய்யுங்கள்: மெதுவாக ஓட்டிக்கொண்டே இடது காலை வைக்காமல் வலது காலாலேயே பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்தி விடுங்கள். பேடும் லைனிங்கும் காயும்.

உசிலம்பட்டி வாசகர்: லைட் எரிந்தது என்று டிரைவர் தம்பி பவர் ஸ்டியரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றிவிட்டான். "எல்லாம் ஆயில்தானே அண்ணே" என்கிறான். என்ன செய்ய?

வண்டியை எடுக்காதீர்கள், பெடலைத் தொடவும் வேண்டாம்.

தம்பியைத் திட்டவும் மனம் வரவில்லை. நாம் எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்று சொல்லிச் சொல்லி வந்த வினை. அது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். பிரேக்கின் ரப்பர் கப்புகள் அதற்கென்றே செய்தவை. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கிரீஸ் போன்ற பெட்ரோலியச் சரக்கு பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பும். உப்பிய கப்பு திரும்பாது, பிரேக் பிடித்த பிடியில் நிற்கும், அல்லது கிழிந்து மொத்தமாகப் போகும். அது நடக்கச் சில நாள் ஆகலாம் என்பதுதான் ஆபத்து. முதல் நாள் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஊற்றிய பிறகு ஒருமுறைகூட மிதிக்கவில்லை என்றால், டப்பாவைக் கழற்றிக் காலி செய்து, புது பிரேக் திரவத்தால் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் வாயில் இருப்பதையும் எடுத்துவிட்டால் தப்ப இடம் உண்டு. ஓட்டியிருந்தால் மூடியின் உள்பக்க ரப்பரைப் பாருங்கள். அது உப்பி அலை அலையாக நெளிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், காலிப்பர் சீல்கள், ஹோஸ்கள் எல்லாம் மாற்ற வேண்டியதுதான். ஹைட்ராலிக் கிளட்ச் இருந்தால் அதுவும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருந்தால் செலவு இன்னும் ஏறும்.

மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சடித்திருக்கும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது. டாட் 5.1 பெயரில்தான் ஒற்றுமை, அது கிளைக்கால் வகையே.

சோழவந்தான் வாசகர்: பிரேக் ஆயிலை நானும் மகனும் வீட்டிலேயே மாற்றலாமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

சின்னக் கார் என்றால் ஒரு லிட்டர் வாங்குங்கள், மிஞ்சும். சீல் பிரிக்காத புட்டியாக இருக்க வேண்டும். போன வருடம் பாதி ஊற்றி மூடி வைத்த புட்டி ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது பரவலான கணக்கு.

டப்பாவில் உள்ள பழையதைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, புதியதை நிரப்புங்கள். சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளுக்குப் பொருந்தும் வளைய ஸ்பேனர் எடுங்கள், பெரும்பாலும் 8 அல்லது 10 நம்பர். இரட்டை வாய் ஸ்பேனர் போட்டால் நிப்பிள் முனை உருண்டுவிடும். நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். மகன் பெடலை அழுத்திப் பிடிக்க, நீங்கள் கால் சுற்று திறந்து, வருவதை வாங்கிக்கொண்டு மூட வேண்டும். மூடியதாக நீங்கள் சொன்ன பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தப்பினால் காற்று உள்ளே போகும். கறுத்த தேநீர் நிறம் மாறி வெளிர் மஞ்சள் வரும்வரை தொடருங்கள். நாலைந்து திறப்புக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது வறண்டால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போனால் ஸ்கேனர் இல்லாமல் எடுக்கவும் முடியாது.

எந்தச் சக்கரம் முதலில்? மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான பின் இடது என்பது பொது வழக்கம். ஆனால் குறுக்குக் குழாய் போட்ட (முன் ஒரு பக்கச் சக்கரத்தையும் பின் மறுபக்கச் சக்கரத்தையும் இணைத்த) வண்டிகளில் வரிசை மாறும், புத்தகத்தைப் பாருங்கள். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு அங்குல மரக்கட்டை வையுங்கள். பெடல் அடிவரை போனால், இத்தனை நாள் கப்பு தொடாத துருப் பகுதியில் உரசி அது கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஆயில் மாற்றிய மறுநாள் போவது இதனால்தான்.

பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கழித்த ஆயிலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடாமல் பாட்டிலில் அடைத்து ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் திறந்து வைக்கவே கூடாது, அது விஷம்.

திண்டுக்கல் சாலை வாசகர்: பழைய கார் ஒன்று பேசி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறது. பிரேக் லைட் எரியவே இல்லை, ஆகவே பிரேக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சாவியை 'ஆன்' வரை திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிவப்பு பிரேக் லைட், ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும், சில நொடியில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் சிவப்பு எரிய வேண்டும், இறக்கினால் அணைய வேண்டும். எதுவுமே எரியாத மீட்டர் நல்ல மீட்டர் அல்ல. பல்பைக் கழற்றியிருப்பார்கள், அல்லது கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஏபிஎஸ் லைட்டும் இன்ஜின் ஆயில் லைட்டும் ஒரே நொடியில் சேர்ந்து அணைந்தால், ஒன்றின் வயரை இன்னொன்றோடு கோத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிறகு பானெட்டைத் திறந்து டப்பாவின் கனெக்டர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் 'மேக்ஸ்' கோட்டைத் தொட்டுப் பளபளவென்று இருந்து, முன்பேடு மட்டும் 3 மி.மீ. அளவில் தேய்ந்திருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காக நேற்றுத்தான் ஊற்றியிருக்கிறார்கள். பின் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.